முன் பலகைக்குக் கீழே ஓர் ஒட்டு

“17.5.2023, புதன். காலை 5.50 முதல் 7.30 வரை. இடது பக்கம், முன் பலகைக்குக் கீழே, பழைய ஒட்டு ஒன்று. நீளம் ஒரு முழம், அகலம் நான்கு விரல். அதற்குச் சற்றுத் தள்ளி, மூன்றாம் பூச்சுக்கு அடியில் நீல எழுத்துகளின் கால்கள் மட்டும். படிக்க இயலவில்லை. அரைத்தாயிற்று.”

என் படகு நோட்டின் இருபத்து மூன்றாம் பக்கத்தில் இருப்பது இது. எழுதியவன் நான். இந்தக் குறிப்பில் ஒரு குறை இருக்கிறது என்பது ஒன்பது மாதம் கழித்து, நாற்பது பேர் நடுவில் நின்று இதைப் படித்துக் காட்டியபோதுதான் எனக்குத் தெரிந்தது.

நான் கடல்காரன் அல்ல. செங்கல்பட்டுக்குக் கிழக்கே ஏரிப் பாசனமுள்ள ஊரில் பிறந்தவன். அப்பா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டார், கதிர் அறுத்தார். நான் படித்து, ஓர் ஆராய்ச்சி அலுவலகத்தின் வரைபடப் பிரிவில் சேர்ந்து, புதுப்பட்டினத்தில் குடியேறினேன். ஒரு குழாயின் வளைவு மாறினால்கூடப் பழைய தாளைப் பத்திரப்படுத்தி, மாற்றிய தேதியையும் மாற்றியவர் கையெழுத்தையும் அதன் ஓரத்தில் சேர்ப்பது என் வேலை. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்தது. எங்கள் வீட்டு மிக்சியின் அடியில் அது வாங்கிய தேதி, இரண்டு முறை பழுது பார்த்த தேதிகள் எல்லாம் இருக்கும்.

அலுவலக மாடியிலிருந்து முப்பத்தோரு வருடம் கடலைப் பார்த்தேன். ஒரு நாளும் அதன்மேல் போனதில்லை. 2024 மார்ச் முடிவில் ஓய்வு. அதற்குள் ஒருமுறையாவது கடலில் நின்று கரையைப் பார்த்துவிட வேண்டும், அதுவும் என் கையால் சரி செய்த படகில், என்று ஓர் ஆசை வந்தது. ஆசைக்கு முதலில் புத்தகங்கள் வாங்கினேன். படகு பிறகுதான் வந்தது.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில், இருபத்தெட்டு அடி ஃபைபர் படகு ஒன்று, நீண்ட தண்டுள்ள பழைய டீசல் இன்ஜினோடு, மணலில் கிடந்தது. உரிமையாளர் மீன்பிடியை விட்டுவிட்டு ஒரு கடற்கரை விடுதியில் தோட்டவேலை பார்த்தார். என்னைவிடச் சில வயது இளையவர். எந்த வருடம் கட்டிய படகு என்று கேட்டேன்.

“சுனாமிக்கு மின்னாடி சார்.”

“முன்னாடின்னா எந்த வருஷம்?”

“மின்னாடின்னா மின்னாடிதான். போட்டுக்கு இன்னா, ஜாதகமா எழுதுவாங்க?”

படகின் பதிவுச் சீட்டில் இருந்த தேதி சுனாமிக்குப் பிந்தையது. பழைய சீட்டு அலையில் போய்விட்டது, இது புதிதாக எழுதிக் கொடுத்தது என்றார் அவர். அந்தக் கரையில் பலருக்கும் அப்படித்தான் நடந்திருந்தது. நோட்டின் முதல் பக்கத்தில் ‘கட்டிய வருடம்’ என்று எழுதி எதிரே ஒரு கேள்விக்குறி போட்டு, பிறகு நிரப்பிக்கொள்ளலாம் என்று விட்டேன்.

புதுப்பட்டினத்துக்கு வெளியே ஒரு சவுக்குத் தோப்பில் இடம் பிடித்து, படகை டிராக்டரில் கொண்டுவந்து கவிழ்த்துப் போட்டோம். போட்டோம் என்றால் நானும் என் அலுவலக நண்பரும். அவர் திருநெல்வேலிக்காரர், வேதியியல் பிரிவு. ரெசின், அதை இறுக வைக்கும் ஹார்ட்னர் என்று நான் சொன்னதும், “அது நம்ம சப்ஜெக்ட்டுல்லா” என்று கூட வந்தவர். வந்த முதல் வாரமே மே மாத வெயிலில் ஒரு டப்பா ரெசினைத் தூரிகையோடு சேர்த்துக் கல்லாக்கினார். ஆய்வகத்தில் குளிர்சாதனம் இருந்தது, தோப்பில் இல்லை என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. அந்தக் கல்லை நான் தேதி எழுதி எடுத்து வைத்திருக்கிறேன்.

முதலில் நல்ல தண்ணீரால் உப்புப் போகக் கழுவி, வெயிலில் காயவிட்டு, கிரைண்டரால் பழைய பூச்சைச் சுரண்டினோம். பச்சை, அதற்கடியில் சிவப்பு, அதற்கடியில் மறுபடி பச்சை. ஃபைபர் தூள் காலரில் இறங்கினால் இரண்டு நாளைக்கு உடம்பெல்லாம் அரிக்கும். என் மனைவி என்னை வாசலிலேயே நிறுத்தி, சட்டையைக் கழற்றச் சொல்லி, தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலைக் கையில் கொடுத்துவிடுவாள். அலுவலகத்துக்கு முன் இரண்டு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை முழு நாள் என்று வேலை நடந்தது. சுரண்டிய உடம்பின்மேல் வெளியிலும் உள்ளிலும் கண்ணாடி இழைப் பாயை இரண்டு அடுக்கு ரெசினில் ஒட்டினோம். உளுத்த குறுக்குப் பலகைகளை மாற்றினோம். இன்ஜினைப் பிரித்தபோது ஒவ்வொரு திருகையும் எண் போட்ட டப்பாவில் வைத்தேன். திரும்பப் பூட்டியதும் ஒரு வாஷர் மிஞ்சியது. நண்பர் அதை என் உள்ளங்கையில் வைத்து, “இதுக்கும் ஒரு தேதி போட்டு வையும்வே” என்றார். இன்ஜின் இரண்டாவது சுழற்றலில் ஓடிவிட்டது. வாஷர் இன்னும் என் மேஜை இழுப்பறையில்தான் இருக்கிறது.

பழைய உரிமையாளர் ஞாயிறுதோறும் வருவார். கவிழ்ந்த படகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பீடி குடிப்பார். ரெசினை எங்கே தடிமனாகப் போட வேண்டும், மணலில் இழுபடும் இடம் எது என்று கை காட்டுவார். சிலசமயம் படகின் முன்பகுதியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போவார். முடிந்ததும் படகை எங்கே இறக்கப் போகிறீர்கள் என்று அவர் ஒருமுறையும் கேட்கவில்லை. அதை அப்போது நான் கவனிக்கவில்லை.

எங்கே இறக்குவது என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. எடுத்த இடத்திலேயே. பெயர் மாற்றம், காப்பீடு, மிதவை அங்கி வாங்கிய ரசீது எல்லாம் தேதி வரிசைப்படி ஒரு கோப்பில் இருந்தன. 2024 பிப்ரவரி 16, வெள்ளிக்கிழமை காலை, டிராக்டரில் படகை அந்தக் குப்பத்து மணலில் இறக்கினோம். வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து வந்தார். கோப்பை நீட்டினேன். இரண்டு தாளைப் புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“இதெல்லாம் கெவர்மெண்ட்டு சார். ஊர்ல கேட்டீங்களா?”

கேட்கவில்லை. அந்த மணலில் எந்தப் படகு நிற்கலாம், எது இறங்கலாம் என்பதை ஊர்க் கூட்டம்தான் சொல்லும் என்பது அந்தக் கரையில் எல்லாருக்கும் தெரியும். முப்பத்தோரு வருடம் நான்கு கிலோமீட்டர் தள்ளிக் குடியிருந்த எனக்குத் தெரியவில்லை. திரும்பும்போது நண்பர், “இருவத்தாறு கையெழுத்து வாங்கியிருக்கீரு. வாங்க வேண்டிய எடத்துல மட்டும் விட்டுட்டீரே” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சமுதாயக் கூடத்தில் கூட்டம். பழைய உரிமையாளரும் வந்து தூண் ஓரமாக உட்கார்ந்திருந்தார். விஷயம் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும் போலத்தான் இருந்தது. அவருக்குச் சொந்தமான படகு, விற்றார், வெளியாள் வாங்கினார். சும்மா சுற்றிப் பார்க்க இந்தக் கரையில் படகு நிறுத்த முடியாது, ஊர் ஆள் ஒருவர் ஓட்டி மீனுக்குப் போவதென்றால் நிற்கலாம் என்றார்கள். பழைய உரிமையாளர் தானே போவதாகச் சொன்னார். அவர் முகம் தெளிந்திருந்தது. மறுபடி கடலுக்குப் போவதற்காகத்தான் ஒன்பது மாதம் ஞாயிறுதோறும் வந்தாரோ என்று அப்போது தோன்றியது.

பெண்கள் வழக்கமாக அந்தக் கூட்டத்துக்கு வருவதில்லை. புதுப்பட்டினம் மார்க்கெட்டிலிருந்து நேராக வந்த ஓர் அம்மா, காலிக் கூடையோடு வாசற்படிக்கு வெளியே நின்று பேசினார்.

“அது அவரு போட்டு இல்ல. சுனாமிக்கு அப்பால நாலு வூட்டுக்குச் சேர்த்துக் குடுத்த போட்டு. ரெண்டு வூடு பங்க வாங்கிகினு பூட்டாங்க. எங்க வூட்டுப் பங்கு அதுலயே கீது. என் வூட்டுக்காரரு செத்து அஞ்சு வருஷமாச்சு. வித்ததா ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லல.”

அலைக்குப் பிறகு நிவாரணமாக வந்த படகுகளைப் பல குப்பங்களில் இப்படிச் சில குடும்பங்களுக்குச் சேர்த்துக் கொடுத்தார்கள். அப்படி வந்ததை ஒருவர் தனியாக விற்க முடியாது. பழைய உரிமையாளர், அந்த நிவாரணப் படகு ஒரு புயலில் உடைந்துபோனது, இது அதற்கு முன்பே தான் வாங்கிய சொந்தப் படகு என்றார். இரண்டும் ஒரே பச்சை. நினைவு வைத்திருந்தவர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள்.

அந்த அம்மா, “எங்க போட்டுன்னா முன் பலகைக்குக் கீழ ஒட்டு இருக்கும். வல்து பக்கம். கல்லுல மோதிப் பிச்சுகிச்சு. என் வூட்டுக்காரரு கையால ஒட்டினாரு” என்றார்.

நண்பர் என்னைப் பார்த்தார். நோட்டு என் பையில் இருந்தது. நான் பேசாமல் இருந்திருக்கலாம். படகு என் பெயரில் இருந்தது, மார்ச் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனால் கையில் குறிப்பை வைத்துக்கொண்டு அதை மறைப்பது எனக்குப் பழக்கமில்லை. எழுந்து இருபத்து மூன்றாம் பக்கத்தைப் படித்தேன்.

‘இடது பக்கம்’ என்று படித்ததும் பழைய உரிமையாளர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அந்த அம்மா கேட்டார்: “எங்க நின்னுகினு எய்தின சார்?”

அங்கேதான் குறை. படகு கவிழ்ந்து கிடந்தது. கவிழ்ந்த படகின் பின்னால் நின்று பார்த்தால் இடது கைப்பக்கம் இருப்பது படகின் வலது. முன்னால் நின்று பார்த்தால் இடது கைப்பக்கம் இருப்பது இடதே. மணி எழுதியிருக்கிறேன், விரற்கடை எழுதியிருக்கிறேன், எங்கே நின்றேன் என்று எழுதவில்லை. நண்பரைக் கேட்டேன். “நீரு எந்தப் பக்கந்தான் நிக்கல, சுத்திச்சுத்தில்லா வந்தீரு” என்றார். நீல எழுத்துகள் கொடுத்தவர் பெயராக இருந்திருக்கலாம், படகு கட்டிய பட்டறையின் அடையாளமாகவும் இருந்திருக்கலாம். அவற்றை நானே அரைத்துத் தூளாக்கிவிட்டேன்.

ஒரு வழி இருந்தது. புதிய அடுக்கை அந்த இடத்தில் அரைத்து எடுத்தால், கீழே ஒட்டு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். ஒரு மணி நேர வேலை. மறுபடி ஒட்டிக் காயவைக்கச் சில நாள். கிரைண்டர் கொண்டுவருகிறேன் என்றேன்.

எல்லாரும் தூண் பக்கம் பார்த்தார்கள். பழைய உரிமையாளர் தரையைப் பார்த்தபடி இருந்தார். பிறகு, “அறுக்க வாணாம் சார்” என்றார். “போட்டு இப்பத்தான் ஒடம்பு புடிச்சிகினு கீது. அக்கா வூட்டுக்கு ஒரு பங்கு எடுத்து வச்சிடலாம்.”

“குடுக்கறன்றியா, குடுக்கணும்ன்றியா?” என்று கேட்டார் அந்த அம்மா.

“எடுத்து வச்சிடலாம்க்கா.”

“அத்த கேக்கல நானு.”

அவர் மறுபடியும் அதையே சொன்னார். அந்த அம்மா கூடையை எடுத்துக்கொண்டு போனார். கூட்டம் அப்படியே எழுதிக்கொண்டது: படகு நிற்கலாம், பழைய உரிமையாளர் ஓட்டலாம், வருகிற மீனில் அந்த அம்மா வீட்டுக்கு ஒரு பங்கு. என்னையும் சம்மதம் கேட்டார்கள். சரி என்றேன். கூட்டத்துக் குறிப்பேட்டில் நிவாரணம் என்றோ சொந்தம் என்றோ ஒரு சொல் இல்லை. பக்கத்தில் நின்று பார்த்தேன்.

2024 மார்ச் 10, ஞாயிறு, காலை 5.15. நான், பழைய உரிமையாளர், அவருடைய தம்பி. நண்பர் நீச்சல் தெரியாது என்று சொல்லிக் கரையில் நின்றுகொண்டார். எனக்கும் தெரியாது. இரண்டு அலையைத் தாண்டியதும் மிதவை அங்கியின் கழுத்துப் பட்டையைப் பிடித்தபடி வாந்தி எடுத்தேன். வெளிச்சம் வந்ததும் நிமிர்ந்து பார்த்தேன். அலுவலக மாடி தெரிந்தது, நான் நின்ற மூலையும் தெரிந்தது. வடக்கே மாமல்லபுரத்துக் கோயில் நான் நினைத்ததைவிடச் சிறியதாக இருந்தது. அவ்வளவு நாள் ஆசைப்பட்ட காட்சி அது. ஆனால் கை மட்டும் முன் பலகைக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது. வலது பக்கம் தடவினேன், பிறகு இடது பக்கம். இரண்டும் ஒரே வழவழப்பு. உள்பக்கம் இரண்டு அடுக்கு போட்டது நான்தான். நன்றாகவே போட்டிருந்தேன். பின்னால் இன்ஜின் தண்டைப் பிடித்திருந்தவர் நான் தடவுவதைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கரையில் அந்த அம்மா கூடையோடு காத்திருந்தார். யாரும் எடுத்து வைக்கும்வரை நிற்கவில்லை. தானே குனிந்து, நான்கில் ஒரு பங்கைக் கூடையில் எடுத்துப் போட்டுக்கொண்டார். கூடுதலாகக் கையில் வந்த ஒரு மீனைத் திரும்பக் குவியலில் வைத்தார். பழைய உரிமையாளரோடு பேசவில்லை. என்னிடம், “வாந்தி எடுத்தீங்களாமே, அடுத்த தபா ஒண்ணும் துன்னாம வாங்க” என்றார்.

இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். படகு வாரத்தில் நான்கைந்து நாள் போகிறது. மாதம் ஒருமுறை நானும் போகிறேன். ஒருநாள் தனியாக இருந்தபோது பழைய உரிமையாளரிடம் கேட்டேன், இனி யாருக்கும் நஷ்டமில்லையே, சொல்லுங்கள் என்று. “போட்டு ஓடுதா சார்? ஓடுது” என்றார். அந்த அம்மாவிடம் கிரைண்டர் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது என்றேன். “உன் மிஷினு எனக்கு எதுக்கு? அவரு வாய் இல்ல தொறக்கணும்” என்றார்.

அதற்குப் பிறகு கிரைண்டரை எடுத்துத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். இருபத்து மூன்றாம் பக்கத்தின் ஓரத்தில், “நின்ற இடம் குறிக்கப்படவில்லை” என்று சிவப்பு மையில் சேர்த்து, சேர்த்த தேதியும் போட்டிருக்கிறேன். முதல் பக்கத்தில் ‘கட்டிய வருடம்’ என்பதற்கு எதிரே கேள்விக்குறி அப்படியே இருக்கிறது. இந்தப் படகு சுனாமிக்கு முந்தியதா பிந்தியதா என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.