முகம் சிவந்த நாட்கள்

நிவித்திகல பக்கத்துத் தோட்டத்தில் நான் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது வாயோரத்தில் வெள்ளைத் திட்டு ஒன்று வந்தது. பிறகு விரல்களிலும் பரவியது. டவுன் ஆஸ்பத்திரியில் வாரம் இரண்டு முறை லைட் பிடிக்கச் சொன்னார்கள். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, நீலமாக எரியும் குழாய் விளக்குகளுக்கு நடுவே நிற்க வேண்டும்.

அங்கே வரிசையில்தான் ஓர் அக்காவைச் சந்தித்தேன். டவுனில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பம். அவருக்கு முழங்காலில் தோல் செதில் செதிலாக உரியும்.

முதலில் சுற்றியிருந்த தோல் கறுத்தது. அதனால் வெள்ளை இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. "மருந்துக்குப் போயி வெள்ளைய இன்னும் கூட்டிக்கிட்டு வந்துட்டியே" என்று கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்கள் அங்கலாய்த்தார்கள். ஒருநாள் லைட் பிடித்த கையோடு வெயிலில் கொழுந்து மலைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் முகம் காந்தியது. விடிந்தபோது வாயோரம் சிவந்து கொப்புளித்திருந்தது.

"இனிமே போக வேணாம்" என்றார் கணவர்.

அதைச் சொல்லிவிட்டு வரத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நர்ஸ் முகத்தைத் திருப்பிப் பார்த்து, "பய வென்ட எப்பா" என்றார். பயப்படாதே, சிவப்பு வடியட்டும், அப்புறம் நேரத்தைக் குறைத்துப் பிடிக்கலாம், வெயில் மட்டும் படக்கூடாது என்று சிங்களத்திலேயே விளக்கினார்.

அக்கா பைக்குள்ளிருந்து ஒரு பருத்தித் துணியை எடுத்து, பெஞ்சில் வைத்தே என் தலையையும் முகத்தையும் சுற்றிக் கட்டிவிட்டார். தள்ளி நின்று பார்த்தார்.

"இப்ப நீயும் எங்கட ஆள் மாதிரித்தான் ஈக்கிறாய் புள்ள!"

எரிச்சலோடு எரிச்சலாக நானும் சிரித்தேன். அப்படியே மலைக்குப் போனேன். அங்கலாய்த்தவர்களில் இரண்டு பேர், அந்தத் துணி எங்கே கிடைக்கும் என்று பிறகு கேட்டார்கள்.

மாதங்கள் போயின. தோல் வறண்டு அரித்தது, தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டோம். ஒரு காலை அக்கா என் தாடையைப் பிடித்துக் கூவினார்: "நிறம் வந்துட்டு புள்ள! கடுகு கடுகா புள்ளி வந்துட்டு!" வரிசையே திரும்பிப் பார்த்தது. எனக்கு வெட்கமாகவும் அழுகையாகவும் இருந்தது.

முகம் சரியாகிவிட்டது. விரல்கள் இன்றும் வெள்ளைதான். அக்காவின் முழங்காலும் தெளிந்தது. அவர் மகளோடு கேகாலைக்குப் போய்விட்டார். பெஞ்சில் தோளோடு தோள் உரச, அவர் கொண்டுவந்த, தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்த வட்டிலப்பத்தைப் பிட்டுத் தின்ற அந்தக் காலைகளுக்கு மனம் இப்போதும் ஏங்கும். வியாதிக்காலத்தை நினைத்து யாராவது ஏங்குவார்களா?

போன வாரம் அக்கா போனில் பேசினார். தோல் மறுபடி உரிகிறதாம். அங்கே லைட் பிடிக்கப் போகிறாராம்.

"தனிய நிக்க ஒரு மாதிரி ஈக்கிது புள்ள."

"நான் வர்றேங்க அக்கா" என்றேன். கேகாலைக்குக் காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கணவரிடம் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.