மழைக்குள் போன குதிரையும் நானூற்றைம்பது வாட் பெட்டியும்

பெரிய பவர் சப்ளையாக வாங்கிப் பொருத்தினால், அது கிராபிக்ஸ் கார்டுக்குள் கரண்டைத் திணித்துத் திணித்து, மறுவீட்டு விருந்தில் சிக்கிய மாப்பிள்ளை மாதிரி ஆக்கிக் கடைசியில் வெடிக்க வைத்துவிடும் என்று நான் நம்பினேன். ஐம்பத்தோரு வயதில், சுயநினைவோடு நம்பினேன். என் கடைக்கு வந்த நாலு பேரிடம் எடுத்தும் சொன்னேன். அதில் இரண்டு பேர் "ஆமாண்ணே" என்று தலையாட்டியதை நினைத்தால்தான் இப்போதும் பயமாக இருக்கிறது.

கம்ப்யூட்டர் என்னுடையது இல்லை. என் மனைவியுடையது. பள்ளிக்கூடத்தில் அவள் வரலாறு டீச்சர். சனி ஞாயிறு மதியங்களில், சாப்பிட்ட தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, கம்ப்யூட்டருக்குள் குதிரை ஏறிவிடுவாள். காடும் மலையுமாகக் குதிரையில் சுற்றும் ஒரு விளையாட்டு. "இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். "வாரம் பூரா அறுபது அறுபது பிள்ளைகளா மேய்ச்சிட்டு வாரேன். எனக்குன்னு ஒரு குதிரை இருக்கக் கூடாதா?" என்றாள். நான் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனேன்.

அந்த விளையாட்டில் ஒரு பள்ளத்தாக்கு உண்டு. எப்போதும் மழை பெய்துகொண்டே இருக்கும் இடம். திரைக்குப் படம் வரைந்து கொடுக்கும் அவளுடைய பழைய கிராபிக்ஸ் கார்டுக்கு அந்த மழையைத் தாங்கும் தெம்பு இல்லை. உள்ளே போனதும் படம் நின்று நின்று வரும். வேகத்தடையில் ஏறும் டவுன் பஸ் மாதிரி குதிரை குலுங்கும். அதனால் இரண்டு வருடமாக மலையைச் சுற்றிக்கொண்டு வெயில் பாதையிலேயே போனாள். மதுரைக்காரிக்குக் கம்ப்யூட்டருக்குள்ளேயும் மழை வாய்க்கவில்லை என்று நான் கேலி செய்வேன். அவள் சிரிக்க மாட்டாள்.

சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த அவள் தம்பி, அக்காவுக்கென்று புதுக் கார்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். மூன்று விசிறி, செங்கல் கனம். இங்கே அது கெட்டுப்போனால் பழுது பார்க்கவோ மாற்றித் தரவோ ஆள் கிடையாது என்றும் சொல்லிவிட்டுப் போனான். அவளுக்கு அப்போது விடைத்தாள் திருத்தும் பணி. தினமும் தல்லாகுளம் போய்விட்டுப் பொழுது சாயத்தான் வருவாள். "செவ்வாக்கிழமை வேலை முடிஞ்சிரும். சாயங்காலம் நான் வந்து மாட்டிக்கிறேன். அதுவரைக்கும் தொடாதீங்க," என்றாள்.

செவ்வாய்க்கிழமை திருமங்கலத்தில் உள்ள என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு விடுமுறை. தொட்டேன்.

அவள் வரும்போது எல்லாம் தயாராக இருந்தால் எப்படி அசந்துபோவாள் என்று ஒரு நினைப்பு. அந்த மழையை அவளுக்கு முன்னால் நான் பார்த்துவிட வேண்டும் என்ற நப்பாசை அதற்கு அடியில் இருந்தது. அதை இப்போதுதான் ஒப்புக்கொள்கிறேன்.

கார்டு வந்த பெட்டியில், குறைந்தது அறுநூற்றைம்பது வாட் சப்ளை வேண்டும் என்று எழுதியிருந்தது. சுவரிலிருந்து வரும் கரண்டை வாங்கி, கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் வேண்டிய அளவில் பிரித்துக் கொடுக்கும் இரும்புப் பெட்டிதான் இந்தச் சப்ளை. எங்கள் கம்ப்யூட்டரில் இருந்தது ஆறு வருடத்துப் பழைய நானூற்றைம்பது வாட். நான் கூட்டிப் பார்த்தேன். கார்டுக்கு இருநூற்றைம்பது, பிராசஸருக்கு அறுபத்தைந்து, மற்றதுக்கெல்லாம் சேர்த்து ஐம்பது. ஆக முந்நூற்று அறுபத்தைந்து. இன்னும் எண்பத்தைந்து வாட் மிச்சம். ஒரு சீலிங் ஃபேனே ஓட்டலாம். அப்புறம் எதற்கு அறுநூற்றைம்பது? நமக்குத் தெரியாத வியாபாரமா? ப்ளஸ் ஒன்று பவர் கண்ணாடிக்கு வருகிறவர் தலையில் லென்ஸ் மேல் பூசும் மூன்று கோட்டிங்கையும் கட்டி அனுப்புகிறவன் நான். போதாததற்கு வெடித்துவிடும் என்ற என் சொந்த விஞ்ஞானம் வேறு. பழைய சப்ளையே போதும் என்று முடிவு கட்டினேன்.

காப்பிக்குப் பாலை அடுப்பில் வைத்துவிட்டு வேலையில் இறங்கினேன். பழைய கார்டைக் கழற்றிப் புதியதை அழுத்தினேன். 'க்ளிக்' என்று உட்கார்ந்தது. அதில் கரண்டு ஒயர் சொருக இரண்டு வாய் இருந்தது. சப்ளையிலிருந்து வந்த ஒரே ஒயரின் நுனி இரண்டாகப் பிரிந்து இரண்டு தலையோடு தொங்கியது. இரண்டையும் சொருகினேன். ஸ்விட்சைப் போட்டதும் திரை வந்தது. நான் எவ்வளவு பெரிய ஆள் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

அவள் விட்ட இடத்திலிருந்து அவளுடைய குதிரையை எடுத்தேன். மலையைச் சுற்றாமல் நேராகப் பள்ளத்தாக்குக்குள் விட்டேன்.

ஒரு கல்பாலம். அதில் குதிரை கால் வைத்ததும் மழை தொடங்கியது. நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டையில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தேன். துளித்துளியாகத் தனித்தனியாக விழுந்தது. குதிரையின் பிடரி மயிர் முதலில் நுனியில் நனைந்து, பிறகு கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொண்டது. பாலத்துக் கல் குழியில் நீர் தேங்கியது. அந்தத் தண்ணீரில் வானம் தெரிந்தது. வானத்தில் மேகம் நகர்ந்தது, குழிக்குள்ளும் நகர்ந்தது. எங்கள் ஜன்னலுக்கு வெளியே சமணர் மலை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. வாய் பிளந்து உட்கார்ந்திருந்தேன். அரை நிமிடம் இருக்கும்.

'டப்.'

திரை கருத்தது. மூன்று விசிறிகளும் நின்றன. வீட்டில் லைட் எரிகிறது, ஃபேன் ஓடுகிறது, கம்ப்யூட்டர் மட்டும் பிணம். கூடவே ஒரு தீய்ந்த வாடை.

என் கூட்டாளிக்குப் போன் அடித்தேன். கீழக்குயில்குடி ரோட்டில் எரிந்துபோன பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக்கம்பியில் காயில் கட்டுகிற கடை வைத்திருப்பவன்.

"மாப்ள, நான் செத்தேன்டா."

"அப்படியா? எப்ப எடுக்குறாக?"

"விளையாடாத. அவ கார்ட எரிச்சுப்புட்டேன். வாடை வருது."

பத்து நிமிடத்தில் வந்தான். வாசல்படியிலேயே நின்று மூக்கை உயர்த்தினான். "முப்பது வருசமா எரிஞ்ச காயில மோந்துக்கிட்டு இருக்கேன் மாப்ள. இது அந்த வாடை இல்ல. அடுப்புல என்ன வச்ச?"

பால். அது பொங்கி, வற்றி, கருகி, பாத்திரத்தோடு ஒட்டி முடிந்திருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். அப்படியானால் கார்டு பிழைத்ததா என்று பார்க்கும் அவசரத்தில் ஸ்விட்ச் மேல் விரலைக் கொண்டுபோனேன்.

"கைய எடுறா!" கத்திவிட்டான். "என் கடைக்கு வார மோட்டார்ல பாதி முத தடவ நின்னதுல எரிஞ்சதில்ல. ஏன் நின்னுச்சுன்னு பாக்காம திரும்பத் திரும்பப் பச்சைப் பட்டன அமுக்குறாய்ங்க பாரு, அதுல எரிஞ்சது. என்ன மாட்டுன, எதுல மாட்டுன, அத முதல்ல சொல்லு."

என் கூட்டல் கணக்கைச் சொன்னேன். எண்பத்தைந்து மிச்சம் என்பதைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னேன். அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

"இது ஓடுற லோடுடா. கிளம்புற லோடு எங்க? ஓடுறப்ப ஏழு ஆம்ப்ஸ் இழுக்குற மோட்டாரு கிளம்பையில முப்பத்தஞ்சு, நாப்பது இழுக்கும். கண்ணு மூடித் தொறக்குற நேரந்தான். அந்த நேரத்தத் தாங்குறதுக்குத்தான் எல்லாத்தையும் பெருசாப் போடுறது."

"இது மோட்டார் இல்லையே, மாப்ள."

"மழை எப்பக் கொட்டுச்சு, இது எப்ப நின்னுச்சு?"

"கொட்டி அரை நிமிசத்துல," என்றேன். கம்ப்யூட்டருக்குள் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. ஆனாலும் கிணற்றடி மோட்டாரும் சிங்கப்பூர் கார்டும் ஒரே சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை என்பதை நின்ற நிலையில் கண்டுபிடித்துவிட்டான். ஆச்சரியத்தில் அவனை நாற்காலியில் உட்காரச் சொல்லக்கூட மறந்துவிட்டேன்.

இருந்தாலும் என் விஞ்ஞானத்தை விட மனம் வரவில்லை. "பெருசாப் போட்டா கரண்ட அள்ளி விட்டு வெடிச்சிராதா?"

ஜன்னல் வழியாகத் தெருமுனையைக் காட்டினான். "அந்தா நிக்கிது பாரு டிரான்ஸ்பார்மர், எம்புட்டுப் பெருசு? அதுல இருந்துதான் உன் வீட்டு ஜீரோ வாட்ஸ் பல்பு எரியுது. வெடிச்சிருச்சா? குடுக்குறவன்கிட்ட எம்புட்டு இருந்தாலும் எடுக்குறவன் தனக்கு வேணுங்கிறதத்தான் எடுப்பான்."

இருபது வருடமாக அந்த டிரான்ஸ்பார்மரைத் தாண்டித்தான் கடைக்குப் போய் வருகிறேன்.

பழைய சப்ளையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, அவன் வண்டியிலேயே பின்னால் உட்கார்ந்து, மதுரை டவுனுக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். கடைக்கார பாய் பழைய சப்ளையை வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்தார். பிறகு ஏழைப்பிள்ளையைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"தன்னால அணைஞ்சதா, வெடிச்சு நின்னதா?"

"தன்னால."

"அப்பத் தாங்க முடியாம அதுவா ஆஃப் ஆகியிருக்கலாம். நல்ல சப்ளைக்குள்ள அந்தக் காவல் உண்டு. கார்டும் அடிபட்டிருக்கான்னு பெரிய சப்ளை போட்டுப் பாத்தாத்தான் தெரியும். என்ன கார்டுண்ணே?"

போனில் எடுத்த படத்தைக் காட்டினேன். அவர் முகம் மலர்ந்தது.

"அட, இதே கார்டுக்கு ஒரு டீச்சரம்மா எழுநூத்தம்பது எடுத்து வைக்கச் சொல்லியிருக்காங்க. இன்னைக்குச் சாயங்காலம் வாராங்க."

மேல் அடுக்கிலிருந்து ஒரு பெட்டியை இறக்கி வைத்தார். அதன் மேல் மார்க்கரில் 'டீச்சர்' என்று எழுதியிருந்தது. என் கூட்டாளி என்னைப் பார்த்தான். நான் பெட்டியைப் பார்த்தேன்.

"மூணு தடவ போன் பண்ணிட்டாங்க," என்றார் பாய். "கார்டுக்குப் போற ரெண்டு ஒயரும் தனித்தனியா வருமா, ஒண்ணுல இருந்து கிளை பிரியுதான்னு கேட்டாங்க. ஒண்ணுலயே ரெண்டையும் இழுத்தா அந்த ஒயர் சுடும்ல? அதையெல்லாம் இங்க ஒருத்தரும் கேக்க மாட்டாங்கண்ணே. 'அறுநூத்தம்பதே போதும்னு பெட்டில போட்டிருக்கே, டீச்சர்'னு சொன்னேன். 'எனக்கு மழைல குதிரை ஓட்டணும் பாய். பெட்டில எழுதுனவரு வெயில்ல ஓட்டியிருப்பாரு'ன்னு சொன்னாங்க."

அந்தப் பெட்டியை என் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்தேன். இருபத்திரண்டு வருடமாக நான் பார்த்துக்கொண்டிருப்பதாக நினைத்த ஆள் வேறு, இந்த ஆள் வேறு. பெட்டியின் மூலையில் 'கோல்டு' என்று போட்டிருந்தது. என் வாய் சும்மா இருக்குமா? "இதென்ன பாய், 916-ஆ?" என்று கேட்டுவைத்தேன். கரண்டைச் சூடாக்கி வீணடிக்காத ரகம் என்பதற்கான முத்திரை அது என்று பொறுமையாகச் சொன்னார். பிறகு கேட்டார்: "நீங்க டீச்சர் வீட்டுக்காரரா?"

"இல்ல பாய். இவன் கண்ணாடிக் கடைக்காரன்," என்றான் கூட்டாளி. ஆமென்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லையென்றும் எடுத்துக்கொள்ளலாம் என்கிற மாதிரி நான் இருமினேன்.

எழுநூற்றைம்பது அந்த ஒன்றுதான் இருந்தது. அறுநூற்றைம்பதை வாங்கிப் போய்ச் சோதித்துவிட்டு ஒளித்து வைத்துவிடு என்றான் கூட்டாளி. மாட்டேன் என்றேன். நேர்மையால் இல்லை, இன்னொரு தடவை அந்தக் கார்டைத் தொடத் தைரியம் இல்லை.

வீட்டுக்கு வந்து பழைய சப்ளையைத் திரும்ப மாட்டினேன். பழைய கார்டைச் சொருகினேன். புதுக் கார்டை அதன் பெட்டியில் படுக்க வைத்து டேப் ஒட்டினேன். பால் பாத்திரத்தைத் தேய்த்தேன், போகவில்லை. சோபாவில் உட்கார்ந்து, கார்டு செத்திருந்தால் எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று நாலைந்து முகங்களை ஒத்திகை பார்த்தேன். எல்லாமே குற்றவாளி முகமாக வந்தது.

ஆறு மணிக்கு அவள் வந்தாள், கையில் 'டீச்சர்' பெட்டியோடு. கால் கழுவிவிட்டு நேராக வேலையில் உட்கார்ந்தாள். பழைய சப்ளையை எடுத்தாள், புதியதை வைத்தாள். கார்டைப் பொருத்தி, இரண்டு ஒயரைத் தனித்தனியாகக் கொண்டுவந்து சொருகினாள். கையில் அவசரமே இல்லை. நான் பக்கத்தில் ஸ்க்ரூ டிரைவர் ஏந்தி நின்றேன். வேர்த்து ஊற்றியது.

"ஃபேன் போட்டுக்கங்க," என்றாள். ஸ்விட்சை அமுக்கினாள்.

கார்டின் மூன்று விசிறிகளும் சுற்றின. திரை வந்தது. நான் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தேன். அவள் விளையாட்டைத் திறந்தாள். கடைசியாக விட்ட இடமும் அதன் தேதியும் நேரமும் அதில் தானாகப் பதிவாகும் என்பது எனக்குத் தெரியாது.

"இன்னைக்குக் காலையில பதினொரு மணி பன்னெண்டு நிமிசத்துக்கு என் குதிரைய யாருங்க எடுத்தது?"

நான் சீலிங் ஃபேனைப் பார்த்தேன்.

அதற்குள் குதிரை வந்துவிட்டது. காலையில் நான் விட்ட அதே பாலத்தில் நனைந்துகொண்டு நின்றது. திட்டத் திறந்த அவள் வாய் அப்படியே நின்றது. குதிரையை நகர்த்தாமல் மழையைப் பார்த்தாள். பிறகு மெதுவாகப் பாலத்தைத் தாண்டி, நான் போயிராத இடத்துக்குள் போனாள். அங்கே மழை இன்னும் பலத்தது. இலை ஒவ்வொன்றும் துளியை வாங்கித் தாழ்ந்து நிமிர்ந்தது. அரை நிமிடம் ஆனது. ஒரு நிமிடம் ஆனது. எதுவும் நிற்கவில்லை. எங்கள் தெருமுனை டிரான்ஸ்பார்மரிலிருந்து கிளம்பி வந்த கரண்டு, அந்த அறைக்குள் மழையாகப் பெய்துகொண்டிருந்தது.

"இம்புட்டு மழையா..." என்றாள், யாரிடமும் இல்லாமல்.

கார்டுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. காலையில் தாங்க முடியாத இழுப்பு வந்ததும் பழைய சப்ளை தன்னை அணைத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அன்று எங்கள் வீட்டில் எரிந்தது அரை லிட்டர் பாலும் அதைக் காய்ச்சிய பாத்திரமும்.