உரோம எழுத்துக்கு வாக்களிக்குமுன் நொஷாட்டல் வரை

என் பெயர் சிவபாதம். சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் ஞாயிறுதோறும் நடக்கும் தமிழ்ப் பள்ளியொன்றின் பரீட்சைப் பொறுப்பாளர். தமிழ் பேசத் தெரிந்தும் எழுத்துப் பரீட்சையில் தவறிய ஏழு பிள்ளைகளுக்கு தமிழை உரோம எழுத்தில் எழுதிய பாடநூல் தரலாமா என்று நாளை எங்கள் குழு வாக்கெடுக்கிறது. குழு மறுத்தால், பரீட்சையில் தவறியோர் பற்றி நான் எழுதிய நான்காம் விதிப்படி அவர்கள் பள்ளியிலிருந்து விலக வேண்டும். 1928இல் எழுத்தையே மாற்றிய துருக்கியின் கல்வி வரலாறு பற்றி, பிரெஞ்சு பேசும் நொஷாட்டல் நகரில் ஒரு கண்காட்சி. அதைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கவே இன்று புறப்பட்டேன். உண்மையில், "வேண்டாம்" என்ற கடிதம் கையொப்பத்துடன் என் பையில் இருந்தது.

காலை 7.33 ரயில். சூரிச்சில் மாற வேண்டும். ஏறத்தாழ இரண்டு மணி நேரம். அரைக் கட்டண அட்டையுடன் ஒருவழிக்கு 29 பிராங்க். இந்த யோசனையைக் கொண்டுவந்த ஆசிரியை வாசுகியும் உடன் வந்தார்.

"சேர், ரிக்கெற்றை நாலாந்தரம் பாக்கிறியள். அது எங்கையும் ஓடாது."

"ரிக்கெற் பாக்கிற கொன்ரோல் வந்தால்?"

"வந்தால் காட்டுவம். உங்களைக் கண்டாப் பிள்ளையளும் இப்பிடித்தான் நடுங்குதுகள்."

பயணச்சீட்டைக் கடிதத்தோடு பையில் வைத்தேன்.

நிலையத்திலிருந்து இறக்கத்தில் பத்து நிமிட நடை. நுழைவு 8 பிராங்க். விளக்கங்கள் யாவும் பிரெஞ்சில். முதல் பலகையை உரக்க வாசித்தேன். ஒரு சொல்லும் விளங்கவில்லை.

வாசுகி சிரித்தார். "உங்களுக்கு எழுத்துத் தெரியும், மொழி தெரியாது. எங்கட பிள்ளையளுக்கு மறுவளம், சேர்."

வழிகாட்டியான துருக்கியப் பெண்மணி ஜெர்மன் பேசினார். மதப் பள்ளிகளும் அரசுப் பள்ளிகளும் தனித்தனியே இயங்கியதையும், குடியரசு அவற்றை ஒரே அமைச்சின்கீழ்க் கொண்டுவந்ததையும், பின்னர் அரபு எழுத்து நீங்கி லத்தீன் எழுத்து வந்ததையும் விளக்கினார். பெரியவர்கள் கரும்பலகை முன் அமர்ந்திருந்த படமொன்றின் அருகே நின்று தம் குடும்பக் கதையைச் சொன்னார். அவருடைய கொள்ளுப்பாட்டனார் ஓர் எழுத்தர். மனைவிக்கோ எழுத்தே தெரியாது. புதிய எழுத்தால் மனைவி சில மாதங்களில் பத்திரிகை வாசித்தார். கணவர் அதுவரை எழுதிய எதையும் பேரப்பிள்ளைகளால் வாசிக்க முடியவில்லை.

"அப்படியானால் மாற்றியது சரியா, தவறா?" என்று கேட்டேன்.

"இருவருமே எங்கள் வீட்டவர்கள்தாம்" என்றார்.

செல்வோருக்கு: பிரெஞ்சு தெரியாதவர்கள் ஜெர்மன் வழிகாட்டியை முன்கூட்டியே கேளுங்கள். திரும்பும்போது ஏற்றம், கால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

என் அச்சம் தீரவில்லை. அந்த எழுத்தரின் இழப்பு எங்களுக்கும் நேரலாம். ஆயினும் ஏழு பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு எழுத்தை யாருக்காகக் காப்பது? நாளை, ஓராண்டுக்கு மட்டும் என்ற நிபந்தனையுடன், "ஆம்" என்று வாக்களிப்பேன். நான்காம் விதியை நீக்க நானே முன்மொழிவேன். அந்த ஏழு பேருக்கும் தமிழ் எழுத்தைப் பரீட்சையின்றிக் கற்பிப்பேன். பையிலுள்ள கடிதத்தை இப்போது கிழிக்கிறேன்.