கட்டைக்கு எடை பார்ப்பவர்

தராசின் ஒரு தட்டில் பலாக்கட்டை இருக்கிறது. மறு தட்டில் மளிகைக்கடைப் பெரியதம்பி பத்துக் கிலோ எடைக்கல்லை வைத்து, அதன் மேல் இருநூறு, ஐம்பது, இருபது என்று சின்னக் கற்களை ஒவ்வொன்றாக அடுக்குகிறார். முள் நடுவில் நிற்கும்வரை ரசூல் பாய் மூச்சு விடுவதில்லை. நின்றதும் காதில் செருகிய பென்சிலை எடுத்து, கட்டையின் முகத்தில் போன வாரத்து எண்ணுக்குக் கீழே இந்த வாரத்து எண்ணை எழுதுகிறார்.

"என்ன பாய், புள்ள இளைச்சிருக்கா?"

"இருபது கிராம்."

"என் வீட்டுக்காரி மூணு பெத்தா. ஒண்ணையக்கூட இப்பிடி வாராவாரம் தூக்கியாந்து நிறுத்ததில்லைய்யா."

"உங்க புள்ளைங்க எடை ஏறணும். என்னுது எறங்கணும். அவ்ளோதான் வித்தியாசம்."

மழைக்காலத்தில் கட்டை சில வாரம் எடை கூடும். அப்போது பெரியதம்பி கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், "பாயோட கட்டை தண்ணி போட்டுட்டு வந்திருக்கு" என்று சொல்லிச் சிரிப்பார். ரசூல் பாயும் சிரிப்பார். ஆனால் எண்ணை எழுதத் தவறமாட்டார். தொடர்ந்து பன்னிரண்டு வெள்ளிக்கிழமை எடை மாறாமல் நின்றால்தான் கட்டை காய்ந்தது என்று கணக்கு. அதுவரை அவருடைய உளி அதைத் தொடாது.

இது ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் எண்பதுகளின் கடைசியில் நான் வாரம் தவறாமல் பார்த்த காட்சி. நானும் அவரும் ஓசூரில் ஒரே ஆலையில், ஒரே ஷிப்டில் இருந்தோம். அவர் டர்னர். நாள் முழுதும் இரும்பைக் கடைவார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கைகால் கழுவி, டீயைக் குடித்துவிட்டு மரத்தைக் கடைவார். "ஒரே வேலையை ரெண்டு தடவை செய்யறீங்களே பாய்" என்று ஒருநாள் கேட்டேன். "அங்க ஒரு நாளைக்கு நானூறு இரும்பு புஷ். நானூறும் ஒண்ணுபோல இருக்கணும். ஒண்ணு வேற மாதிரி இருந்தா சூப்பர்வைசர் கூப்பிடுவான். இங்க ரெண்டு ஒண்ணுபோல வந்தா எனக்கே புடிக்காது" என்றார்.

மரம் கடையும் அவருடைய லேத்து, கடையில் வாங்கியதல்ல. பழைய கிரைண்டரின் மோட்டார், ஆலை கழித்துப்போட்ட இரும்புச் சட்டம், லாரியின் ஸ்பிரிங் பட்டையைச் சூடேற்றி அடித்த உளிகள். அதில் அவர் கடைந்த மத்து இல்லாத வீடு அந்தத் தெருவில் கிடையாது. சப்பாத்திக் கட்டை, பம்பரம், ஊறுகாய்க் கிண்ணம், எது கேட்டாலும் கொடுப்பார். விலை என்ன என்று கேட்டால் மட்டும் கொடுக்கமாட்டார்.

புதிய கட்டை கிடைத்தால் முதலில் முகர்ந்து பார்ப்பார். பிறகு விரல் முட்டியால் தட்டுவார். பிறகு, சொன்னால் நம்பமாட்டீர்கள், நாக்கால் தொட்டுப் பார்ப்பார். அந்த நேரத்தில் அவர் மனைவி முனவர் பேகம் பக்கத்தில் இருந்தால், "உப்பு சரியா இருக்குதா?" என்று கேட்காமல் விடமாட்டார்.

தேக்கு, ஈட்டி, சந்தனம் மூன்றையும் ரசூல் பாய் சீண்டியதில்லை. தேக்கு உளியை மொக்கையாக்கும். ஈட்டி, "பணக்கார வீட்டு மாப்பிள்ளை. என்ன பண்ணாலும் ஒரே மொகம்." சந்தனம், "மூக்குக்கு மட்டும்தான். கைக்கு ஒண்ணுமில்ல." அவருக்குப் பிடித்தவை மற்றவர்கள் அடுப்புக்கு அனுப்புபவை. கொய்யாக் கிளை, புளியின் நடுவில் இருக்கும் கருத்த வைரம், பலா. எல்லாவற்றுக்கும் மேலாக மா. கிருஷ்ணகிரிச் சீமையில் மாமரத்துக்குப் பழம் இருக்கும்வரைதான் மரியாதை. காய்ப்பு நின்றால் பெட்டி அடிக்கப் பலகை, மிச்சம் விறகு. அதையே அவர் ஆசையாகப் பொறுக்குவார். காவேரிப்பட்டினத்துச் சொந்தக்காரர் தோப்பில் இரண்டு மழை நனைந்து, பாதி உளுத்துக் கிடந்த மாங்கட்டை ஒன்றைச் சீர்வரிசை கிடைத்ததுபோலப் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். மரத்திலும் மேல் கீழ் பார்த்தே பழகிய நாடு இது. எதையும் அப்படிப் பார்க்கத் தெரியாத ஒருவரைப் பார்ப்பது எனக்கு ஆறுதலாக இருந்தது.

அவரை மட்டும் ஊர் அப்படிப் பார்த்தது. ஓசூருக்கு வந்த ஒன்பது வருடத்தில் நாலு வீடு மாறியிருந்தார். வீடு தேடப் போனால் தண்ணீர்த் தொட்டியைக் காட்டுவார்கள், பரணைக் காட்டுவார்கள். கடைசியில் பெயர் கேட்பார்கள். ரசூல் என்றதும் பெங்களூரிலிருந்து சொந்தக்காரர் ஒருவர் குடிவர இருப்பது ஞாபகம் வந்துவிடும். எத்தனையோ வீடுகளுக்கு வரவிருந்த அந்தச் சொந்தக்காரரை இதுவரை யாரும் கண்ணால் கண்டதில்லை.

இடம் மாறினால் மனிதனாவது பொறுத்துக்கொள்வான். கட்டை பொறுக்காது. ஓட்டு வீட்டு நிழலில் மெல்லக் காய்ந்துகொண்டிருந்ததைத் தகரக் கூரைக்குக் கீழே கொண்டுபோய் வைத்தால், நாலாம் நாள் மத்தியானம் படீரென்று சத்தம் கேட்கும். போய்ப் பார்த்தால் நடுவில் விரல் நுழையும் அளவுக்குப் பிளந்திருக்கும். ஒவ்வொரு வீடு மாற்றத்துக்கும் இரண்டு மூன்று கட்டைகளாவது வெடித்தன. எந்த வீட்டில் வெடித்தது என்பதை அவர் கட்டையின் முகத்தைப் பார்த்தே சொல்வார்.

ஐந்தாவது வீடு பாப்பம்மாவுடையது. தெலுங்கு பேசும் குடும்பம். பாப்பம்மா கணவரை இழந்தவர். எருமைகளை விற்றுவிட்டுப் பின்கட்டு மாட்டுக்கொட்டகையைச் சும்மா போட்டிருந்தார்; வீட்டில் ஒரு பகுதியை வாடகைக்கு விட நினைத்தார். அவரும் பெயர் கேட்டார். சொன்னதும், "பேரு என்னவோ இருந்துட்டுப் போவுது. சாணி நாத்தம் தாங்குவியா?" என்றார். வடக்குப் பார்த்த ஓட்டுக் கொட்டகை. வெயில் உள்ளே வராது, காற்று வரும். ரசூல் பாய் வீட்டுக்குள் நுழைந்துகூடப் பார்க்காமல், கொட்டகையைப் பார்த்தே சரி என்றார்.

அந்தப் பலாக்கட்டை காயத் தொடங்கியது அங்கேதான். ஒன்றரை அடி அகலம். அதில் ஒரு தட்டு கடைய வேண்டும், நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிட வேண்டும் என்பது அவர் ஆசை. ஐந்து வருடம் எடை பார்த்தார். தொண்ணூற்றிரண்டு கடைசியில் எண் தொடர்ந்து ஏழு வாரம் அசையாமல் நின்றது. இன்னும் ஐந்து வாரம்.

அந்த டிசம்பரில் வடக்கே மசூதியை இடித்தார்கள். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் விழுந்த கல், மத்திகிரி மாட்டுக்கொட்டகை வரை உருண்டு வந்தது. பாப்பம்மாவின் தம்பி ராமப்பன் ஒருநாள் வாசலில் வந்து நின்றார்.

"ஊரு கெட்டுக் கெடக்குது. பொங்கல் தாண்டி வேற எடம் பாத்துக்க பாய். உனக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது."

பின்னால் பாப்பம்மா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "தம்பி சொல்றான்..." என்று மட்டும் சொன்னார். ஐந்து வருடம் ஒரே கிணற்றில் தண்ணீர் சேந்தியவர்கள். ஒரு குற்றமும் செய்யாதவன் எதற்காக இன்னொருவரின் நல்லதுக்காக மூட்டை கட்ட வேண்டும் என்று நான் கத்தினேன். ரசூல் பாய் என் தோளைத் தட்டி, "கத்தாதீங்க தோழர். கட்டைங்களுக்குக் கோணி வேணும். ஆலையில பழசு கெடைக்குமா பாருங்க" என்றார்.

அந்த வாரம்தான் தோப்பிலிருந்து கொண்டுவந்த மாங்கட்டையைக் கிண்ணமாகக் கடைந்து வைத்திருந்தார். முழுக்கக் கடையவில்லை. சின்னக் கிண்ணத்துக்குப் பன்னிரண்டு வாரக் கணக்கு கிடையாது; ஈரமிருக்கும் கட்டையை முதலில் தடிமனாகக் கடைந்து ஆறப்போடுவார், பிறகுதான் மெலிதாக்கி முடிப்பார். கொட்டகை ஜன்னலில் ஆறிக்கொண்டிருந்த அதைப் பாப்பம்மா தற்செயலாகப் பார்த்தார். மரத்தின் வெள்ளையில் கருப்பு மையால் இழுத்ததுபோல் கோடுகள். கிண்ணத்தின் உள்ளடியில் கண்களைப்போல இரண்டு கணு. நடுவில் இறங்கிய கோடு மூக்கு, கீழே வளைந்தது வாய்.

"அய்யோ தேவுடா! அம்மா மொகம்! பாருடா, கண்ணு தெறந்து பாக்கறா!"

அம்மன் வந்துவிட்டாள் என்று அரைமணி நேரத்தில் கொட்டகையில் கற்பூர வாசனை. தெரு முழுக்க வந்து பார்த்தது. முனவர் பேகம் கிண்ணத்தைத் தலைகீழாகத் திருப்பி, "இப்பிடிப் பாத்தா தர்கா கும்பம் மாதிரி இருக்குது. எங்க ஆளுங்களும் வரட்டுமா?" என்றார். என்னைத் தவிர யாரும் சிரிக்கவில்லை. பாப்பம்மா கண்கலங்க ரசூல் பாயின் கையைப் பிடித்தார். "நீ எங்கயும் போவ வேணாம். அம்மா வந்து உக்காந்த எடத்துலேருந்து உன்னை நான் எப்படிப் போவச் சொல்லுவேன்?"

ராமப்பனும் தலையாட்டினார். ஆனால் மறுநாளே நிபந்தனைகள் வந்தன. கொட்டகைக்குள் செருப்புப் போடக் கூடாது. வீட்டில் கறி சமைக்கக் கூடாது. "அம்மன் வந்தா எங்க அடுப்புக்கு லீவா?" என்று கேட்டார் முனவர் பேகம். இந்தத் தடவை எனக்கே சிரிப்பு வரவில்லை.

இதை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். ஆலை வாசலில் மேடை போட்டுச் சாமியும் பேயும் இல்லை என்று தொண்டை வற்றப் பேசிய நான், அன்று சாயங்காலம் அவரிடம் சொன்னது இதுதான்: "கொஞ்ச நாள் சும்மா இருங்க பாய். வீடு நிக்குது. பலாக்கட்டைக்கு இன்னும் அஞ்சு வாரம்தான்."

அவர் என்னை ஏதோ தெரியாத மரத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இது பூசணம் போட்ட கோடு தோழர். மழையில கெடந்த கட்டை. உள்ள பூசணம் போன வழிதான் கருப்பாத் தெரியுது. கடைசிக் கடைசல் கடைஞ்சு மெலிசாக்கலைன்னா இந்த ரெண்டு கணுவுக்கும் நடுவுல பங்குனி வெயிலுக்கு வெடிக்கும். அன்னிக்கு அம்மன் மொகம் பொளந்துச்சுன்னு சொல்லுவாங்க. பொளந்தவன் யாரும்பாங்க?"

உளியைத் துடைத்து வைத்துவிட்டு, "அதுவும் இல்லாம பாப்பம்மக்காகிட்ட நான் பொய் சொன்னதில்ல" என்றார்.

மறுநாள் காலை பாப்பம்மாவைக் கூப்பிட்டு, "இங்க, பக்கத்துல வந்து நில்லுங்கக்கா" என்றார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கிண்ணத்தை லேத்தில் மாட்டி மோட்டாரைப் போட்டார். முகம் வெறும் வட்டங்களாகிச் சுழன்றது. ராமப்பன், "டேய், டேய்!" என்று பாய்ந்தார். பெரியதம்பி அவர் கையைப் பிடித்து, "உளி ஓடுறப்ப கிட்டப் போகாதய்யா, கண்ணு போயிரும்" என்று நிறுத்தினார். உளியிலிருந்து சுருள் சுருளாக மரம் பாப்பம்மாவின் காலடியில் விழுந்தது. ரசூல் பாய் மோட்டாரை நிறுத்தினார்.

"இப்ப என்ன தெரியுது அக்கா?"

பாப்பம்மா குனிந்து பார்த்தார். கண்கள் இருந்தன. மூக்கும் வாயும் எங்கெங்கோ ஓடியிருந்தன.

"ஆந்தை" என்றார் முனவர் பேகம்.

மறுபடி ஒரு கடைசல். மறுபடி நிறுத்தம். "இப்ப?"

வெகு நேரம் பார்த்த பிறகு பாப்பம்மா மெல்லச் சொன்னார். "வாத்து மாதிரி இருக்குது."

"இன்னும் கடைஞ்சா இன்னும் ஒண்ணு வரும். அம்மா இங்க இல்லக்கா. உங்க கோயில்ல இருக்கட்டும், நல்லா இருக்கட்டும். இது மாங்கட்டை. பூசணம் புடிச்ச மாங்கட்டை."

கூட்டம் முணுமுணுத்தபடி கலைந்தது. ராமப்பன் போகும்போது, "பொங்கலுக்கு மறுநாள் இங்க வண்டி நிக்கணும்" என்று கத்திவிட்டுப் போனார். ரசூல் பாய் கிண்ணத்தை முடித்து, தேங்காய் எண்ணெய் தடவி, பாப்பம்மாவின் கையில் கொடுத்தார். "என்ன வேணாலும் போட்டு வெக்கலாம்." பாப்பம்மா வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதன்பின் இரண்டு வாரம் அந்தக் கதவு ரசூல் பாய் பக்கம் திறக்கவில்லை.

பொங்கலுக்கு மறுநாள் காலையில் நான் டெம்போவோடு போனேன். வேறு வீடு கிடைக்கவில்லை. ஆலைக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட ஒற்றை அறை ஒன்றைத்தான் பிடித்திருந்தோம். மற்ற கட்டைகள் பதினான்கும் கோணியில் கட்டித் தயாராக இருந்தன. பலாக்கட்டையை மட்டும் முனவர் பேகம் தன் பழைய சேலையில் சுற்றி, இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

வாசல்படியின் குறுக்கே பாப்பம்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு குண்டான் நிறைய இரவு ஊறவைத்த அவரைக்கொட்டை. ஒவ்வொன்றாக எடுத்துத் தோலைப் பிதுக்கினார். வழுக்கி வெளியே வந்த பச்சைப் பருப்பு, காலுக்கு நடுவில் இருந்த மாங்கிண்ணத்தில் விழுந்தது. ஆந்தையோ வாத்தோ பருப்புக்கு அடியில் பாதி மறைந்திருந்தது. டெம்போ டிரைவர் ஹாரன் அடித்தார். பாப்பம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை, வழிவிடவும் இல்லை.

முனவர் பேகம் கட்டையோடு நின்றார். பாப்பம்மா கிண்ணத்தைப் படியின் நடுவில் நகர்த்தி வைத்தார். பிறகு, இரண்டு பேர் கைக்கும் எட்டும்படி, குண்டானை முனவர் பேகத்தின் பக்கமாகத் தள்ளினார்.