கண்டரமாணிக்கத்தில் இரவல் வாங்கிய எஞ்சின் கம்ப்யூட்டர்

எழுத உட்காரும் முன் வரிசை போட்டுக்கொள்வது என் பழக்கம். வகுப்பில் பாடம் நடத்திய காலத்திலிருந்து வந்தது. இந்தப் பதிவின் வரிசை இது:

1. ஏன் போனோம், எப்போது போனோம்
2. திருச்சியிலிருந்து காரைக்குடி: வழியும் நின்ற இடங்களும்
3. பழுது எங்கே என்று தெரிந்த விதம்
4. கண்டரமாணிக்கத்தில் கிடைத்த உதவியும், அங்கே வீணாகப் போன முக்கால் மணி நேரமும்
5. பழைய காரோடு அந்தப் பக்கம் போகிறவர்களுக்குச் சில யோசனைகள்

1998 செப்டம்பர், ஒரு சனிக்கிழமை. நான் இயற்பியல் ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. என் மனைவி பிலோமினாவின் அக்கா கல்லலில் படுத்த படுக்கையாக இருந்தார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை பிலோமினா போய் இரண்டு நாள் இருந்து பார்த்துவிட்டு வருவாள். முழங்கால் வலியால் அவளால் பேருந்துப் படி ஏற முடியாது. அதனால் எங்களிடம் இருந்த காரில் நான்தான் அழைத்துப் போவேன். பெட்ரோலைக் கம்ப்யூட்டர் அளந்து விடுகிற, அப்போது புதிதாக வந்திருந்த வகைக் கார்.

நான்கு மாதமாக அது வழியில் நின்றுகொண்டிருந்தது. இருபது நிமிடம் காத்திருந்தால் தானே கிளம்பும். பட்டறையில் கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்த்தால் நிற்காது. இரண்டு பட்டறைகளில் பார்த்துவிட்டு, நான் கிளட்ச் விடுகிற விதம் சரியில்லை என்றார்கள். பெங்களூரில் இருக்கும் மகனும் அதையே நம்பினான். "அப்பா, வயசாயிடுச்சு. வித்துடுங்க. திங்கக்கிழமை ஒருத்தர் வந்து பாப்பாரு" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டான். எனக்கும் சந்தேகம்தான். என் கை கால் மேல் எனக்கே நம்பிக்கை குறைந்திருந்தது. கார் போனால் பிலோமினா அக்காவைப் பார்க்கப் போவதும் நின்றுவிடும். அவள் அதைச் சொல்லவில்லை. ஆனால் கடைசியாக ஒரு ஆளிடம் காட்டிவிடலாம் என்றாள். காரைக்குடியில் சுந்தரம் என்று ஒரு கார் எலக்ட்ரீஷியன் இருப்பதாகக் கல்லலிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

காலை 5.30க்குத் திருச்சியில் கிளம்பினோம். புதுக்கோட்டை, திருமயம் வழியாகக் காரைக்குடி 92 கிலோமீட்டர். பேருந்தின் வேகத்தைவிடக் குறைவாகவே ஓட்டினேன். 25 நிமிடம் ஓடியதும் நின்றது. வழக்கம்போல் நேரத்தைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். 20 நிமிடம் கழித்துக் கிளம்பியது. இப்படி நான்கு முறை. நான்காவது முறை திருமயம் கோட்டை தெரியும் இடத்தில் நின்றபோது சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டேன். என் தப்புத்தான் போலிருக்கிறது என்றேன்.

பிலோமினா பிளாஸ்கைத் திறந்தபடி கேட்டாள்: "நீங்க ஓட்டுறதுல தப்புன்னா, கடியாரத்தப் பாத்து இருபத்தஞ்சு நிமிசத்துக்கு ஒருக்காத்தான் தப்பு பண்ணுவீகளா?"

முப்பது ஆண்டு இயற்பியல் நடத்தியவனுக்கு இது தோன்றவில்லை.

காரைக்குடி சேரும்போது 8.55. சுந்தரத்தின் கடை பேருந்து நிலையத்திலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர். அவருக்கு நாற்பது வயதிருக்கும். பொற்கொல்லர் குடும்பம். அப்பா நகைப் பட்டறை வைத்திருந்தாராம். இவர் ஒயர் பக்கம் வந்துவிட்டார். நான் தயங்கித் தயங்கிக் குறிப்பேட்டை நீட்டினேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் நான்கு மாதப் பக்கங்களையும் நின்றுகொண்டே படித்தார்.

"சார், இத முன்னாடி யாருகிட்டயும் காட்டலையா?"

"கேட்கவில்லை. நானும் காட்டவில்லை."

"நல்லா இருக்கு போங்க. பாதி வேலைய நீங்களே முடிச்சுட்டு வந்திருக்கீக."

எஞ்சினை ஓட விட்டார். 9.40க்கு நின்றது. உடனே எதிரே இருந்த சோடாக் கடையில் நான்கு ரூபாய்க்கு ஐஸ் வாங்கிப் பிளாஸ்டிக் பையில் கட்டினார். டாஷ்போர்டுக்குக் கீழே, இடது பக்கம், சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு அலுமினியப் பெட்டி இருந்தது. அதுதான் எஞ்சின் கம்ப்யூட்டர். ஐஸ் பையை அதன் மேல் வைத்து அழுத்திப் பிடித்தார். இரண்டு நிமிடம். சாவியைத் திருப்பச் சொன்னார். இருபது நிமிடம் காக்க வைக்கும் கார் உடனே கிளம்பிவிட்டது. ஐஸை எடுத்தால் சிறிது நேரத்தில் நின்றது. வைத்தால் கிளம்பியது. மூன்று முறை செய்து காட்டினார். சூடானால் பெட்டிக்குள் ஏதோ ஒரு இணைப்பு விட்டுப்போகிறது.

"கிளட்சுமில்ல, காலுமில்ல. இந்தப் பொட்டிதேன்" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெயிலைப் பார்ப்பதுபோல் வெளியே திரும்பிக்கொண்டேன்.

புதுப் பெட்டி சென்னையிலிருந்து வரவேண்டும். ஆறேழு வாரம் ஆகும், விலை பதினான்காயிரத்துக்கு மேல். திங்கட்கிழமை வருகிறவரிடம் என்ன சொல்வது? புதுப் பெட்டி வந்து போட்டுப் பார்க்கும் வரை மகன் நம்பப்போவதில்லை. சுந்தரம் கொஞ்சம் யோசித்துவிட்டு, கண்டரமாணிக்கத்தில் உமையாள் ஆச்சி வீட்டில் இதே கார் ஒன்று நிற்கிறது என்றார். ஆச்சியின் மகன் சிங்கப்பூரில். பின்பக்கம் மோதி நசுங்கி ஒரு வருடமாகக் கொட்டகையில் இருக்கிறது. எஞ்சின் கெடக்கூடாது என்று மாதம் ஒருமுறை இவர்தான் போய் ஓட்டி வைக்கிறார்.

"ஆச்சிகிட்ட கேட்டுப் பாப்பம். குடுத்தா இன்னைக்கே தெரிஞ்சுரும்."

என் மீட்டர்படி 21 கிலோமீட்டர். சுந்தரம் முன்னால் உட்கார்ந்து ஐஸ் பையைப் பிடித்துக்கொண்டார். உருகிய தண்ணீரைப் பிலோமினா துண்டில் பிழிந்து ஜன்னல் வழியே ஊற்றிக்கொண்டு வந்தாள். கார் ஒருமுறைகூட நிற்கவில்லை.

ஆச்சிக்கு எழுபது இருக்கும். சுந்தரம் விஷயத்தைச் சொன்னார். இரண்டு பெட்டியிலும் ஒட்டியிருந்த எண் ஒன்றேதான் என்பதையும் காட்டினார். ஆச்சி என்னைப் பார்த்தார்.

"வாத்தியார் எப்பத் திருப்பிக் குடுப்பீக?"

"புதியது வந்ததும். முன்பணம் எவ்வளவு வைக்கட்டும்?"

"முன்பணமா? நாங்க என்ன வாடகைக்கா விடுறோம்? சுந்தரம், கழட்டிக் குடு. பேர வெட்டிட்டுக் குடு."

எனக்குப் புரியவில்லை. அந்த வீட்டிலிருந்து அண்டா, தவலை, கரண்டி எது இரவல் போனாலும் வீட்டுப் பெயர் அதில் வெட்டியிருக்குமாம். பெட்டியும் வீட்டுச் சாமான்தான் என்பது ஆச்சியின் கணக்கு. நான் பதறிப்போனேன். உளியால் தட்டினால் உள்ளே இருக்கும் நுண்ணிய பாகங்கள் அதிர்ந்துவிடும், ரசீது வேண்டுமானால் எழுதித் தருகிறேன், எண்தான் ஒட்டியிருக்கிறதே என்று ஏதேதோ சொன்னேன்.

"நம்பரு ரெண்டுலயும் ஒண்ணுதான்னு இப்பத்தானே சொன்னீக? பேரு வெட்டாத சாமான் எங்க வாசப்படி தாண்டாது" என்றார் ஆச்சி.

சுந்தரம் என் தோளைத் தொட்டார். "பயப்படாதீக சார்." பெட்டியின் திருகுகளைக் கழற்றி, உள்ளிருந்த சர்க்யூட் பலகையைத் தனியே எடுத்துத் துணியில் வைத்தார். வெறும் அலுமினியக் கூட்டைக் கல்லின் மேல் கவிழ்த்து, அடிப்பக்கத்தில் வீட்டுப் பெயரைச் சுருக்கிப் புள்ளி புள்ளியாக 'அரு.உ.' என்று வெட்டினார்.

"எங்கப்பா தங்கத்துல வெட்டுனாரு. எனக்கு அலுமினியந்தேன் வாய்ச்சிருக்கு."

"கை சுத்தமா இருக்குடா. அப்பன் பேரக் காப்பாத்திட்ட" என்றார் ஆச்சி.

முக்கால் மணி நேரம் ஆயிற்று. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஆச்சி கொடுத்த காபியைக் குடித்தேன்.

இரவல் பெட்டியை மாட்டியதும் சுந்தரம் நேரே கல்லல் போகக் கூடாது என்றார். தூரம் குறைவு, அது சோதனை ஆகாது. குன்றக்குடி, காரைக்குடி சுற்றிப் போகச் சொன்னார். 41 கிலோமீட்டர், 58 நிமிடம். இருபத்தைந்தாவது நிமிடத்தில் நானும் பிலோமினாவும் கடிகாரத்தைப் பார்த்தோம். இருபத்தாறு. இருபத்தேழு. காரைக்குடியில் சுந்தரத்தை இறக்கிவிட்டு, எஞ்சினை அணைக்காமலே 150 ரூபாய் கூலியைக் கொடுத்தேன். பிற்பகல் 2.10க்குக் கல்லலில் அக்கா வீட்டு வாசலில் நிறுத்தியபோது, கட்டிலிலிருந்தே அக்கா கேட்டார்: "எத்தன எடத்துல நின்னீக?" "ஒரு எடத்துலயும் நிக்கல" என்றாள் பிலோமினா. அன்று மாலை மகனுக்குப் பேசி, திங்கட்கிழமை யாரும் வரவேண்டாம் என்றேன். அவனிடம் அவ்வளவு உறுதியாக நான் பேசியது அதுதான் முதல் முறை.

இனி யோசனைகள். வண்டி நிற்கும் நேரங்களைத் தேதியோடு எழுதி வையுங்கள். எழுதியதைக் கேட்காவிட்டாலும் காட்டுங்கள். பெட்டியை மாற்றும்போது இரண்டிலும் எண் முழுவதும் ஒன்றா என்று பாருங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றாமல் கை வைக்காதீர்கள். திருமயத்துக்கும் காரைக்குடிக்கும் நடுவே அப்போது பெட்ரோல் கிடைப்பது நிச்சயமில்லை, திருச்சியிலேயே போட்டுக்கொண்டோம்.

நான்காம் தலைப்பு மீதி இருக்கிறது. ஏழு வாரம் கழித்துப் புதுப் பெட்டி வந்தது. 14,200 ரூபாய். திருச்சியிலேயே மாட்டினார்கள். கழற்றிய இரவல் பெட்டியையும், சுந்தரம் பிரித்துப் பார்க்கக் கேட்டிருந்த என் பழுதான பெட்டியையும் தனித்தனியே செய்தித்தாளில் சுற்றினேன். ஒன்றின் மேல் 'ஆச்சி' என்றும் மற்றதன் மேல் 'பழுது' என்றும் சீட்டு எழுதி ஒட்டினேன். கண்டரமாணிக்கத்துக்கு ஒரு நிறுத்தமும் இல்லாமல் போய், நன்றி சொல்லி, பொட்டலத்தை ஆச்சியின் கையில் கொடுத்தேன். ஆச்சி தாளைப் பிரித்தார். பெட்டியைக் கவிழ்த்தார். விரலால் தடவினார்.

"வாத்தியாரே, இது எங்க வீட்டுதில்லையே."

அடிப்பக்கம் வழுவழுவென்று இருந்தது. ஓடிப்போய் டிக்கியிலிருந்து மற்றப் பொட்டலத்தைக் கொண்டுவந்தேன். 'பழுது' என்று என் கையெழுத்தில் இருந்த தாளுக்குள் 'அரு.உ.' இருந்தது. சுற்றி முடித்த பிறகுதான் சீட்டு எழுதியிருக்கிறேன். வெட்டிய பெயரை ஒருமுறை திருப்பிப் பார்த்திருந்தால் போதும். அது தேவையில்லாதது என்று நினைத்ததால் பார்க்கவே இல்லை. அன்று அங்கிருந்து கிளம்பியிருந்தால், சுந்தரம் நல்ல பெட்டியைப் பிரித்துப் போட்டிருப்பார். ஆச்சியின் கார் என் காரைப் போல இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்றிருக்கும்.

தலையைக் குனிந்தபடி அதை ஆச்சியிடம் நீட்டினேன். ஆச்சி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார்.

"இதுக்குப் போயி ஏன் மொகத்தத் தொங்கப் போடுறீக? வாங்கிட்டுப் போறவுக எல்லாரும் நல்லவுகதான். சாமான் மாறித்தான் வரும். ஒக்காருங்க, காபி வருது."

நான்கு மாதம் என் மேல் தப்பு இல்லாதபோது எல்லோரும் என்னைத்தான் சொன்னார்கள். தப்பு முழுவதும் என்னுடையதாக இருந்த அன்று, ஆச்சி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதற்குப் பிறகும் ஆறு ஆண்டுகள், அக்கா இருந்தவரை, அதே காரில் பிலோமினாவைக் கல்லலுக்கு அழைத்துப் போனேன்.

மேலே வரிசையில் நான்காவதாக 'வீணாகப் போன முக்கால் மணி நேரம்' என்று எழுதியிருக்கிறேன். அது தவறு.