பீச்சாங்கை ஃபிடில்

அண்ணி காஞ்சிபுரத்திலிருந்து எங்கள் ஊருக்கு வாழ வந்தபோது, சீர்வரிசையோடு ஒரு ஃபிடிலும் வந்து இறங்கியது. அண்டா, கட்டில், தையல் மிஷினெல்லாம் ஊருக்குத் தெரிந்ததுதான். அந்தக் கறுப்புப் பெட்டியைப் பார்த்துத்தான் எதிர்வீட்டுக்காரர், "இன்னாம்மா இது, துப்பாக்கியா?" என்று கேட்டுவிட்டார்.

அண்ணிக்கும் எனக்கும் ஒரே வயது. நெல்லை அவித்து வாசலில் காயவைத்துவிட்டால், மதியத்தில் காக்கை விரட்டுவதைத் தவிர எங்களுக்கு வேலை கிடையாது. அப்படி ஒரு மதியத்தில்தான் நான் ஃபிடில் கற்றுக்கொள்ள உட்கார்ந்தேன். அண்ணி வில்லை நீட்டியதும் என் இடது கை முந்திக்கொண்டது. எனக்கு எல்லாமே பீச்சாங்கைதான். சின்ன வயதில் அம்மா அந்தக் கையில் வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தாள், துணியால் கட்டிப் பார்த்தாள். கடைசியில் சோறும் திருநீறும் மட்டும் சோத்தாங்கைக்கு வந்தன. அரிவாள், துடைப்பம், கோலமெல்லாம் பழையபடியே.

வலது கையில் வில்லைப் பிடித்தால் கதவுக் கீல் சத்தம். இடது கையில் பிடித்தால், சத்தியமாகச் சொல்கிறேன், ஸ என்றால் ஸ. ஆனால் தந்தி கட்டியிருப்பது என்னவோ சோத்தாங்கைக்காரர்களுக்காக. நான் கை மாற்றிப் பிடித்தால், தடித்த தந்தி இருக்கவேண்டிய பக்கத்தில் மெல்லிய தந்தி வந்து நின்றது. நாலையும் அவிழ்த்து இடம் மாற்றிக் கட்டிவிட்டால் தீர்ந்தது. எனக்கு வேண்டியதெல்லாம் அது ஒன்றுதான்.

"அண்ணி, கொஞ்சம் மாத்திக் கட்டிக் குடுங்களேன்."

"உசுர வேணா கேளு, தரேன். தந்தியில கை வெச்சே, அவ்ளோதான். மாத்திட்டா நான் எப்டி வாசிக்கிறதாம்? எங்க நைனா ஆசையா வாங்கிக் குடுத்தது."

நியாயம்தான். ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சரி போ என்று வீம்புக்குத் தலைகீழ்த் தந்தியிலேயே கற்றுக்கொண்டேன். அவள் வாசித்துக் காட்டிவிட்டு ஃபிடிலை என்னிடம் தருவாள். அவள் விரல் இந்தப் பக்கம் போன இடத்தில் என் விரல் அந்தப் பக்கம் போகவேண்டும். மண்டை காய்ந்துவிடும். அடுத்த அறுவடைக்குள் ஒரு பிள்ளையார் பாட்டு முழுசாக வந்துவிட்டது. தந்தியை மாற்றித் தரச்சொல்லிக் கேட்பதை நான் விடவில்லை, மறுப்பதை அவளும் விடவில்லை.

அப்போதுதான் காவாந்தண்டலத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். தரகர் வாய் சும்மா இருக்குமா? பெண் ஃபிடில் வாசிக்கும் என்று அளந்துவிட்டிருந்தார். அம்மா என்னைச் சமையல்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"கேட்டாங்கன்னா சோத்தாங்கையிலயே வாசி. பீச்சாங்கைன்னு தெரிஞ்சா எவன் கட்டிக்கினு போவான்?"

பஜ்ஜி, காப்பியெல்லாம் சோத்தாங்கையால் பவ்வியமாகக் கொடுத்தேன். மாப்பிள்ளையின் அம்மா, "இன்னாமோ வாசிக்குமாமே, ஒண்ணு வாசிக்கச் சொல்லுங்க" என்றாள். வலது கையில் வில்லைப் பிடித்து இழுத்தேன். ஐயோ! தொழுவத்துக் கன்றுக்குட்டியே திரும்பிப் பார்த்தது. மாப்பிள்ளையின் அப்பா இருமலை வரவழைத்துக்கொண்டார். மாப்பிள்ளை குனிந்து பஜ்ஜியைப் பார்த்துச் சிரித்தான். எனக்கு வந்ததே கோபம்! இத்தனை நாள் தலைகீழாக நின்று கற்றது இவன் சிரிப்பதற்கா? ஃபிடிலைத் தோள் மாற்றினேன், வில்லைக் கை மாற்றினேன், பிள்ளையார் பாட்டை முழுசாக வாசித்து முடித்தேன். நன்றாகவே வாசித்தேன்.

"நல்லாத்தான் கீது," என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. "ஆனா சாமி பாட்டப் போயி பீச்சாங்கையிலயா?"

கதவோரமாக நின்ற அண்ணிக்குப் பொறுக்கவில்லை. "எல்லாரும் தந்திய அமுக்கறது பீச்சாங்கையிலதாம்மா. இவ அதச் சோத்தாங்கையில அமுக்கறா. இதுல இன்னா குத்தம்?"

அம்மா முறைத்த முறைப்பில் அண்ணி உள்ளே போய்விட்டாள்.

சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள் போனவர்கள்தான். அம்மா எங்கள் இருவரோடும் பேச்சை நிறுத்திவிட்டாள். மாப்பிள்ளை போனதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஒருவர்கூடப் பாட்டைக் கேட்கவில்லை, கையைத்தானே பார்த்தார்கள் என்பதுதான் ஆறவே இல்லை. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் மதியம் நெல்லைக் கிளறிவிட்டு உள்ளே வந்தால், அண்ணியின் மடியில் ஃபிடில். நாலு தந்தியும் அவிழ்ந்து கிடந்தன. அறுந்துவிட்டதோ என்று பதறிப்போனேன்.

"இன்னா பாத்துக்கினு நிக்கிறே? தடிச்சது உனுக்கு எந்தப் பக்கம் வரணும், சொல்லு."

"அப்புறம் நீங்க எப்டி அண்ணி வாசிப்பீங்க?"

"எனக்கு வாயி கீது, பாடிக்கிறேன். சொல்லுடி."

தந்திகளைத் தாங்கும் குதிரையைத் திருப்பி வைத்து, மாற்றிக் கட்டி, சுருதி சேர்த்து என் கையில் கொடுத்தாள். ஆசை ஆசையாக வில்லை வைத்தேன். பிள்ளையார் பாட்டு வரவே இல்லை! தலைகீழாகவே பழகிப்போன விரல்கள் நேரான தந்தியில் தடுக்கித் தடுக்கி விழுந்தன. அண்ணி வாங்கி அவள் பாணியில் இழுத்துப் பார்த்தாள். அவளுக்கும் வரவில்லை. வீட்டில் ஃபிடில் இருக்கிறது, வாசிக்கத்தான் ஆள் இல்லை. நாங்கள் சிரித்த சிரிப்பில், பேசாமலிருந்த அம்மாவே, "இன்னாடி பேஜாரு அங்க?" என்று எட்டிப் பார்த்தாள்.

"பழையபடியே கட்டிடலாம் அண்ணி," என்றேன்.

"கட்டினது கட்டியாச்சு. ஒக்காரு." எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்து தொடையில் தாளம் தட்டத் தொடங்கினாள். "சரளி வரிசை. மொதல்லேர்ந்து வாசி."