பாதித் தூரத்தில் எழுதிய லாபம்

1936 அக்டோபர் 14, காலை ஆறரை மணி, தூறல். தோட்டத்தை ஜாமீன் வைத்து எடுத்த அரியூர் நாட்டு மலைப்பாதைக் காண்டிராக்டில் பாதித் தூரம் முடிந்திருந்தது. அதற்கு வந்த பில் பணத்தில் செலவு போக மிஞ்சிய எண்ணூறு ரூபாயை லாபமென்று எழுதி, மகளுக்கு நகையும் வாங்கிவிட்டேன்.

அன்றுதான் மண் தீர்ந்து கடப்பாறை கணீரென்றது. இனி உச்சிவரை பாறை. கஜத்துக்குச் சர்க்கார் தருவதோ மண்ணுக்குத் தந்த அதே ரேட்டு.

“ஏனுங்க மச்சான், லாபத்தத் தின்னாச்சு. பாறைய யாருங்க திங்கறது?” என்றான் கூட்டாளியான மைத்துனன்.

வரப்போகும் நட்டத்தை அன்றே கணக்கில் ஏற்றி, வேலையை விட்டிருக்கலாம். நகையைத் திருப்பிக் கேட்க வாய் வரவில்லை.

“முடியட்டும், பார்க்கலாம்” என்றேன்.

அதன்பின் பாறையை உடைக்க வைத்த ஒவ்வொரு வேட்டும் அடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் இருந்த என் வீடுவரை கேட்டது. ஏலம் போன தோட்டத்தையும் சேர்த்து, அந்தப் பாதை என்னிடம் வாங்கியது ரூபாய் 4,312, அணா ஏழு.